இரண்டு எர்த், மூன்று மீட்டர்

எங்கள் எம்பிராய்டரி யூனிட்டில் எர்த் வேலை பார்ப்பவர் நாச்சிமுத்து. காலை எட்டரைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் உப்பும் கரியும் போட்ட ஈரக் குழியில் முழங்கால் வரை இறங்கிப் பச்சை ஒயரைப் பிடித்துக்கொள்வார். பதினெட்டு மெஷின்களில் கசியும் கரண்ட் அவர் வழியாக மண்ணுக்குப் போய்விடும்.

"குறுகுறுன்னு இருக்குதுங்க. வேறொன்னுமில்லீங்க" என்பார்.

மேனேஜராக நான் பலரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை. யாராவது முறைத்தாலே எனக்கு மூன்று நாள் சோறு இறங்காது. அவர் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் வந்தபின் மெஷினைத் தொட்டு ஒரு பெண்ணும் கையை உதறியதில்லை.

விதிப்படி எர்த் இரண்டு வேண்டும். அதனால் போன ஆடியில் மயிலாத்தாளை எடுத்தோம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. முதல் நாளே குழிக்குத் தண்ணீர் போதாது என்று என்னைக் கடிந்துகொண்டார். இரண்டு குழிக்கும் இடையே மூன்று மீட்டர். அதற்குள் நெருங்கினால் இரண்டும் ஒன்றாகவே கணக்கு.

தை பிறந்ததும் நாச்சிமுத்து சொன்னார்: "நாங்க கட்டிக்கலாம்னு இருக்கோமுங்க."

"பக்கத்துல நின்னா விதி ஒத்துக்காதுங்களே" என்றார் மயிலாத்தாள். யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். இருவருக்கும் அந்த வேலை உயிர்.

மின் ஆய்வாளர் பெனடிக்ட் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"தள்ளித்தான் நிக்கணும். ஆனா ரெண்டு எர்த்தையும் பட்டை போட்டு இணைக்கணும்னும் இருக்கே. இத்தனை நாளா ஏன் சார் இணைக்கல?" என்று என்னைத்தான் திட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அவரவர் குழியில் நின்றபடி, செம்புப் பட்டையின் இந்த முனையை நாச்சிமுத்து தன் இடுப்பில் மாட்டிய வளையத்திலும் அந்த முனையை மயிலாத்தாள் தன் வளையத்திலும் மும்மூன்று போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஆர்டர் அவசரம் என்பதால் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பெண்கள் ஜன்னல் வழியாக அட்சதை போட்டார்கள். பெனடிக்ட் மீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் மண்ணுக்குப் போகும் வழியில் தடை பாதியாகக் குறைந்திருந்தது. நான் அழுதேவிட்டேன்.

சாயங்காலம் மணமக்களும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். மயிலாத்தாள் முன்வாசலில் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நாச்சிமுத்து பின்வாசலில் ஏறினார். பட்டை நடுவில் நீளமாகக் கிடந்தது. கண்டக்டர் அதைத் தாண்டி வந்து நின்றார்.

"இதுக்கு என்ன வயசு?"

"இன்னைக்குத்தானுங்க" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப டிக்கெட் வேண்டாம். மடியில வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் விசில் கொடுத்தார்.