கழுதை இல்லாத இரண்டாம் பாகம்

“படம் எப்படி இருக்கு சார்?” என்று மைக்கை நீட்டிய பிறகுதான் எதிரே நிற்பது தன் சொந்த அண்ணன் என்று அவனுக்குத் தெரிந்தது. முன்பே தெரியாமல் போனதற்குத் தொழில்தான் காரணம். காட்சி முடிந்து கதவு திறந்ததும் கூட்டம் திமுதிமுவென்று வெளியே வரும். அதில் யார் வாயைத் திறப்பார்கள், யார் நழுவுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது. நடையைத்தான் பார்க்க வேண்டும். படம் பிடித்தவன் தோளைக் குலுக்கிக்கொண்டு வருவான், கடுப்பானவன் படியை மிதிக்கிற மிதியிலேயே தெரிந்துவிடும். நடுவாந்தரமாக வருகிறவர்களை விட்டுவிடலாம், ‘பரவாயில்லை’ என்று சொல்கிறவனின் வீடியோவை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? மைக் பிடிக்கிற அவன் கண் எப்போதும் கேமரா பிடிக்கும் கூட்டாளியின் விரலில் இருக்கும். விரல் காட்டிய பக்கம் மைக் போகும், வாய் தன் பாட்டுக்குக் கேட்கும். இன்று அந்த விரல் அண்ணனைக் காட்டியிருந்தது.

அண்ணன் மீசையை எடுத்திருந்தார். ஆளும் பாதியாகியிருந்தார். மைக்கைத் தட்டிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் அவன் நினைத்தான், தட்டிவிட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் மற்ற ஆட்களைப் போலவே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லா இருக்குங்க. சிரிப்பா இருந்துச்சு.”

கூடப் பிறந்தவனுக்கு அண்ணன் ‘ங்க’ போட்டார். அப்போதாவது மைக்கை இறக்கியிருக்கலாம். பழக்க தோஷம், அடுத்த கேள்வியும் வந்து விழுந்தது.

“முதல் பாகம் அளவுக்கு இருக்கா?”

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்விதான், இந்த ஒருவரைத் தவிர. அண்ணன் அதற்கும் பதில் சொன்னார்.

“இதுல அந்தக் கழுதை இல்லைங்க. அவனுங்க மூட்டையெல்லாம் அதுதான் சுமந்துச்சு. இப்ப அது எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு ரெண்டு பேர்ல ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல.”

சொல்லிவிட்டு, பேட்டி கொடுத்தவர்கள் செய்வதுபோல லேசாகத் தலையாட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார்.

இரண்டு உதவாக்கரை நண்பர்கள் புதையல் தேடிக் காடு மலையெல்லாம் அலைகிற ஹாலிவுட் படம் அது, தமிழில் பேசுகிறது. முதல் பாகம் வந்தபோது அவனும் கூட்டாளியும் நடத்துகிற யூடியூப் சேனலைச் சீந்த ஆளில்லை. மைக்கைப் பார்த்தாலே ஜனம் ஒதுங்கிப் போனது. “யாருமே பேச மாட்டேங்கிறாங்கண்ணே, நீயாவது வந்து ரெண்டு வார்த்தை பேசு” என்று அவன்தான் அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனான். தம்பிக்கு ஒன்று என்றால் முன்னால் வந்து நிற்கிற மனுஷன் அவர். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர், அதற்காக அரை நாள் விடுப்பு வேறு போட்டிருந்தார். படத்தில் கழுதை பாலத்திலிருந்து விழுந்து, செத்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும்போது கடைசியில் காதை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். வெளியே வந்த அண்ணன் மைக்கைப் பிடித்து அதைச் சொல்ல ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே பொலபொலவென்று அழுதுவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே “அது பாவங்க” என்றார்.

அந்த வீடியோ ஓடிய ஓட்டத்தில் சேனல் நிமிர்ந்தது. கூடவே அண்ணனுக்குக் ‘கழுதை அண்ணன்’ என்று பெயரும் வந்தது. அவர் அழுகிற முகத்தில் கழுதைக் காதை ஒட்டவைத்துக் கண்டவனெல்லாம் கண்டதற்கும் அனுப்பினான். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஒரு கையை நீட்டி, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு “ஒரு தடவை அழுங்கண்ணே” என்றார்கள். குழந்தைகளுக்கு வலி தெரியாமல் கதை சொல்லிக்கொண்டே ஊசி போடுகிறவர் என்று அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. நிர்வாகம் அவரை முன்னறையிலிருந்து எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையில் போட்டது. ஆளோடு பேசாமல் இருக்க முடியாத மனுஷனுக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

“அத எடுத்துருடா” என்று மட்டும்தான் அவர் கேட்டார். “ஒரு வாரம் போகட்டும்ணே” என்றான் அவன். வாரம் போனது, மாதம் போனது. அண்ணி ஒருமுறை போன் செய்து, “பொண்ணு அவர்கூட வெளிய வர மாட்டேங்குறா, உங்களுக்கே நல்லா இருக்கா?” என்று கேட்டாள். அதற்கும் ஏதோ சொல்லி மழுப்பினான். பிறகு அவர்கள் கேட்பதை விட்டார்கள், கொஞ்ச நாளில் பேசுவதையும் விட்டார்கள். அவனும் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டான். எல்லாம் தெரிந்தேதான் செய்தான்.

“கழுதை அண்ணன் திரும்ப வந்துட்டார்னு தலைப்பு வெச்சா பிச்சுக்கிட்டுப் போகும்” என்றான் கூட்டாளி, கேமராத் திரையைக் காட்டி. “மீசை இல்லாட்டியும் நான் பார்த்த உடனே புடிச்சுட்டேன்ல?”

“இத போட வேணாம்.”

“விளையாடுறியா? இன்னைக்கு எடுத்ததுல உருப்படியானதே இது ஒண்ணுதான்.”

“பழசையும் எடுத்துரு.”

கூட்டாளி அவனை ஏற இறங்கப் பார்த்தான். “எடுத்து என்ன ஆகப்போகுது? ஊரே சேவ் பண்ணி வெச்சிருக்கு.”

கூட்டாளி சொன்னதில் பொய்யில்லை. இருந்தும் தம்பி தானே போனை எடுத்து, அந்தப் பழைய வீடியோவைத் தேடி, அழித்தான். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது, ஆமாம் என்றான். அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சின்ன வேலையை வேண்டுமென்றே செய்யாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை பரிசோதனை நிலையத்துக்குப் போனான். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. ஊரெல்லாம் மைக்கை நீட்டிப் பிழைக்கிறவன், முன்னறையில் இருந்த பெண்ணிடம் “சர்க்கரை இருக்கான்னு பாக்கணும்” என்றான். அவள் பெயர் கேட்டு எழுதினாள். முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டினாள்.

“பயந்தவரா நீங்க? ஊசியப் பாக்காம கண்ணாடிப் பக்கமே பாக்குறீங்க.”

“இல்லம்மா, நீங்க எடுங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் முதுகு தெரிந்தது. வெள்ளைக் கோட்டுக்கு மேலே, பின்னங்கழுத்தில் அந்தப் பழைய தழும்பு. சின்ன வயதில் இவன் எறிந்த கல் பட்டது. வீட்டில் கேட்டபோது தானே விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குப்பியையும் சீட்டையும் கண்ணாடியில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினாள். அண்ணன் திரும்பாமலே கையை நீட்டி வாங்கினார். சீட்டை எடுத்து ஒட்டப் போனவரின் கை நின்றது. அதில் தம்பியின் பெயர் இருந்தது. அவர் பெயருக்கு முன்னால் இருக்கிற அதே முதலெழுத்து அதற்கு முன்னாலும் இருந்தது.

அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். “ரிசல்ட்டு சாயந்தரம்தாங்க வரும், நீங்க போகலாம்” என்றாள் அந்தப் பெண். அவனுக்குப் பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அண்ணன் சீட்டை மெதுவாக ஒட்டி, சுருக்கம் இல்லாமல் கட்டை விரலால் நீவிவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்கக் குப்பியைச் சில முறை கவிழ்த்து நிமிர்த்துவார்கள், பிறகு தட்டில் வைத்துவிடுவார்கள். அவர் தட்டில் வைக்கவில்லை. முதுகைக் காட்டியபடியே, இன்னும் சூடு ஆறியிருக்காத அந்தக் குப்பியை உள்ளங்கையில் வைத்துக் கவிழ்த்துக்கொண்டும் நிமிர்த்திக்கொண்டும் நின்றார்.