கட்லர் கல்லூரியின் நாற்பதடிச் சமத்துவம்

கன்சாஸ் மாநிலத்துச் சோளக்கொல்லைகளுக்கும் உலகத்தின் ஏனைய பகுதிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: அந்த அக்டோபர் சனிக்கிழமை மதியம் கட்லர் கல்லூரியில் சமத்துவம் பிறந்தது. நாற்பதடி உயரம் இருந்தது. மின்சாரத்தில் ஓடியது.

"இனிமே பெரிய யூனிவர்சிட்டிக்கும் நமக்கும் வித்தியாசமே கிடையாது!" என்று கல்லூரித் தலைவர் டாக்டர் பிராதர் ஒலிபெருக்கியில் முழங்கினார். அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு வாங்கிய புதிய ராட்சதத் திரையும், பந்துக்குள் வேகம் அளக்கும் சில்லும் எந்தப் பணத்தில் வந்தன என்பதை மட்டும் விட்டுவிட்டார். செப்டம்பரில் அதே பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய், அவர்களுடைய ரசிகர்கள் மகிழ ஆடித் தோற்று அடிவாங்கியதற்கான கூலி அது. சின்னக் கல்லூரிகள் அப்படித்தான் பிழைக்கின்றன.

பயிற்சியாளர் ஹாலிஸ் டாட்லக் ஒலிபெருக்கி மேடைக்கு ஓடினார். அவரிடம் உருப்படியாக இருந்தது ஒருவன்தான்: பந்தெறியும் குவார்ட்டர்பேக் நொவோட்னி. எந்தக் கல்லூரியும் சீந்தாத பன்றிப் பண்ணைக்காரர் மகன். அவனுக்கு எறியக் கற்றுக்கொடுத்து, பெரிய இடத்து ஆட்கள் கண்ணில் படாமல் பொத்தி வைத்திருந்தார். செப்டம்பர் ஆட்டத்தில்கூடக் கணுக்கால் சுளுக்கு என்று பொய் சொல்லி உட்காரவைத்தார். அடுத்த வருடக் கோப்பைக் கனவு அவன் கையில்தான் இருந்தது. ஜனவரியில் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறக் கதவு திறக்கும். அது மூடும்வரை அவனை யாருக்கும் தெரியக்கூடாது.

"டாக்டர், அவன் எறியற வேகத்த மட்டும் திரையில போட்றாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னப்பா ஹாலிஸ், புது டிராக்டர வாங்கி தார்ப்பாயப் போட்டு மூடி வைக்கச் சொல்றியா?"

நொவோட்னி எறிந்தான். பசுமாட்டு அளவு எழுத்தில் திரை சொன்னது: மணிக்கு அறுபத்திரண்டு மைல். தொழில்முறை ஆட்டக்காரர்களே அபூர்வமாக எட்டும் வேகம். மைதானமே கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தது.

"கோச், பாத்தீங்களா? எனக்கே தெரியாது!"

"தெரியாம இருந்ததுதான்டா நம்ம பலமே!" என்று டாட்லக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

ஜனவரியில் நொவோட்னி புதுப் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். அந்தப் படங்களைப் பார்த்த பெரிய பல்கலைக்கழகத்தின் பரிசு.

"கோச், அவங்க தர்றதக் கேட்டுட்டு எங்கப்பா பன்னியெல்லாம் வித்துடலாம்ங்கறார். நீங்க என்ன தருவீங்க?"

டாட்லக் மூளையைக் கசக்கினார். "வெள்ளிக்கிழமையில கேன்டீன்ல சில்லிக் குழம்பும் இனிப்பு சினமன் ரோலும் இலவசம். உனக்கு மட்டும் ரெண்டு ரோல்."

"ரோல் நல்லாத்தான் இருக்கும், கோச்," என்றான் மரியாதையாக. வண்டியைக் கிளப்பினான்.

டாட்லக் நேரே தலைவர் அறைக்குப் போய்க் கத்தினார். பிராதர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"நம்ம திரை வேலை செய்யுதுய்யா! பெரிய யூனிவர்சிட்டிக்காரங்க வர்ற செப்டம்பருக்கும் ஆடக் கூப்பிட்டுட்டாங்க. கூலி டபுள்!"

"இப்ப நம்ம பையன் அவங்ககிட்ட இருக்கான், டாக்டர்!"

"அதனாலதானே டபுள்!"

செப்டம்பரில் நொவோட்னி அவர்கள் பக்கம் நின்று எறிந்தான். கட்லர் கல்லூரி அறுபத்துமூன்றுக்கு மூன்று என்று தோற்றது. பணம் நேரத்துக்கு வந்துவிட்டது.