ஹுசேன் சாகரில் நோவாவின் பேழை

பியூலாவுக்கும் டோரிஸுக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு படகினால். 1974இல், செகந்திராபாத் தமிழ்ச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், வாழைத்தாருக்கும் சேவலுக்கும் அடுத்து அது வந்தது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவர் எப்போதோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன சின்னப் பாய்மரப் படகு. பாயை எலிகள் தின்றுவிட்டன. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வருஷாவருஷம் அதை நோவாவின் பேழையாக்கி நாடகம் போட்டதில், பெயிண்ட் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. இடது பக்கம் ஒட்டகச்சிவிங்கி ஒன்று எட்டிப் பார்த்தது.

டோரிஸ் அதில் ரோஜாச்செடி வைக்க ஆசைப்பட்டாள். பியூலாவோ வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஹுசேன் சாகர் கரைச் சாலையான டேங்க் பண்டைக் கடக்கும்போதெல்லாம், ஏரியில் சாய்ந்து ஓடும் படகுகளைக் கழுத்து வலிக்கப் பார்ப்பவள். அவள் விடவில்லை. படகு அவளுக்கே விழுந்தது. பாடகர் குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிய இருவரும் அடுத்த வாரம் தனித்தனிப் புத்தகம் கேட்டார்கள்.

பியூலாவின் கணவன் கிதியோன் பாலாநகர் ஆலையில் ஃபிட்டர். "என்னைத் தண்ணியில இறங்கச் சொல்லாத. மத்ததெல்லாம் செய்யுதேன்" என்றான். வீட்டுக் கொல்லையில் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டினார்கள். நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு நீலம், கடைசியில் தேக்கு. உளுத்த பலகைகளை கிதியோன் மாற்றினான். ஒட்டகச்சிவிங்கியைச் சுரண்ட மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை. பியூலா சுரண்டினாள்.

பாய் தைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கனத்த துணி வீட்டு மெஷினின் ஊசிகளை ஒவ்வொன்றாக ஒடித்தது. கான்வாஸ் பைகள் தைத்து விற்கும் டோரிஸிடம்தான் பெரிய மெஷின் இருந்தது. பியூலா துணியைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, இது உங்க மெஷின்லதான் ஓடும்."

டோரிஸ் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "தச்சுத் தாரேன். ஆனா படகுல நானும் ஏறுவேன்."

"கவுந்துரும்க்கா."

"நான் ஏறினா கவுறாது. கனம் வேணும்லா?"

அது உண்மைதான். காற்று பாயைத் தள்ளும்போது விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்வதற்குக் கனமான ஆள் வேண்டும் என்று படகுத்துறை அப்துல் ரஹீம் முன்பே சொல்லியிருந்தார். சனிக்கிழமைதோறும் அவரே இருவரையும் படகோட்டப் பழக்கிவிட்டார்.

ஆகஸ்டில் பழைய மரப்படகுகளுக்கு ஓட்டப்போட்டி நடந்தது. ஆறு படகுகள் வந்தன. ஏரியில் போட்டிருந்த மிதவைகளைத் தொடாமல் சுற்றி வரவேண்டும். டோரிஸ் தன் கணவரின் காக்கி பேன்ட்டை இடுப்பில் கயிறு போட்டு இறுக்கியிருந்தாள். பியூலா சுக்கான் பிடித்தாள். முதல் மிதவையை மூன்றாவதாகச் சுற்றினார்கள். இரண்டாவது மிதவையில் படகின் பின்பக்கம் லேசாகப் பட்டது.

"இடிச்சிட்ட" என்றாள் டோரிஸ்.

"உரசிச்சுக்கா, அவ்வளவுதான்."

"உரசுனாலும் இன்னொரு சுத்து சுத்தணும். ரஹீம் பாய் சொன்னாருல்லா?"

"யாரும் பாக்கல. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நான் பாத்தேன்லா."

வழக்கு தீர்வதற்குள் இரண்டு படகுகள் முந்திப் போயின. பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு மிதவையை மறுபடி சுற்றினாள். அப்போது மேற்கிலிருந்து காற்று மொத்தமாக வந்து இறங்கியது. முன்னால் போன படகொன்று கவிழ்ந்தது.

"சாயுங்கக்கா."

டோரிஸ் தன் ஜடை தண்ணீரில் இழுபடும் அளவுக்குச் சாய்ந்தாள். படகு விறைத்து நிமிர்ந்து ஓடியது. தூரத்தில் டேங்க் பண்டில் ஒரு பஸ் ஊர்ந்தது. அதை முந்துகிறோம் என்று பியூலாவுக்குத் தோன்றியது. டோரிஸ் முகத்தில் தண்ணீர் அடிக்க அடிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்காவதாக வந்தார்கள். பரிசு மூன்று பேருக்குத்தான்.

"நீ உரசாம இருந்தா மூணாவது" என்றாள் டோரிஸ், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்.

"நீங்க சும்மா இருந்தா ரெண்டாவது."

"அடுத்த தடவ சுக்கான் எனக்கு."

"நக்கோக்கா, தர மாட்டேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த கிதியோன் எழுந்து பின்சீட்டுக்குப் போனான். அவன் விட்ட இடத்தையும் நிரப்பிக்கொண்டு இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.