குதிரையிடம் சொல்ல வேண்டியது

அன்று காலை அவர் தண்ணீர் பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டி, "வாடை வருதா பாரு" என்றார்.

வந்தது. "வருது" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் வரும்" என்று சொல்லி, அதிலேயே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "கேஸை அணைச்சுட்டியா?" என்று கேட்டார். அணைத்திருந்தேன். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இன்னும் கொஞ்சம் கௌரவமாக ஏதாவது பேசியிருக்கலாமே என்று துக்கம் கேட்க வந்த ஒருத்தி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டிலை முகர்ந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள், சொன்னதைக் கேட்காமல் போக ஒரு ஆள். குடித்தனம் என்பது அதுதானே.

அவர் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைப் பரிசோதித்து, ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக் காதில் பொருத்திவிடுகிற வேலை. அது பிழைப்பு. வாழ்க்கை என்பது மலைப்பாதை நடப்போர் சங்கம். அதற்கு அவர் செயலாளர். எதிர்த்தரப்பு குதிரையேற்ற மன்றம்; அதன் தலைவி பல் டாக்டரம்மா. எங்கள் ஊரில் இருந்தது ஒரே கண்ணாடிக் கடை, ஒரே பல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்குக் கிட்டப்பார்வை. இவருக்குக் கடைவாயில் எப்போதும் ஏதாவது ஒரு சொத்தை. ஆகவே போர் நடந்த காலம் முழுக்க இரண்டு தளபதிகளும் ஒருவரையொருவர் ரிப்பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

டாக்டரம்மா கடைக்கு வந்தால் இவர் லென்ஸை மாட்டிவிட்டு, "இப்ப கடைசி வரி தெரியுதா?" என்பார்.

"தெரியுது."

"நடந்து போற மனுஷன் தெரியறானா?"

"ஓரமா நின்னா தெரியறான் சார்."

பல் ஆஸ்பத்திரியில் இவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும், அந்த அம்மா பஞ்சை அடைத்துவிட்டு ஆரம்பிப்பார். "போன வாரம் உங்க ஆளுங்க குடையை விரிச்சுக்கிட்டு வரிசையா வந்தாங்க. சீனிக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. தப்புதானே?" சீனி என்பது அந்த அம்மாவின் பெட்டைக் குதிரை. இவர் "ஆ... ஆ..." என்பார். "ஒத்துக்கிட்டீங்க, நல்லது." வீட்டுக்கு வந்து, பாதி வாய் மரத்துப்போன நிலையில், அந்த வாதத்துக்கு உண்டான பதிலை எல்லாம் என்னிடம் சொல்லித் தீர்ப்பார். எச்சில் ஒழுகும். துடைத்துவிடுவேன்.

சண்டை இதுதான். ஊருக்குப் பின்னால் மலை மேல் ஏறுகிற பாதை ஒன்று. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. நடப்பவர்களுக்கும் அதுதான், குதிரைக்காரர்களுக்கும் அதுதான். அடிவாரத்தில் ஒரு பலகை: 'குதிரை வந்தால் நடப்பவர்கள் சரிவுப் பக்கமாக ஒதுங்கிக் குரல் கொடுக்கவும்.' காரணம் இல்லாமல் இல்லை. முதுகில் மூட்டையும் தலையில் தொப்பியுமாக ஓசைப்படாமல் நிற்கும் ஒன்றைப் பார்த்தால் குதிரைக்கு அது மனிதன் என்று தெரியாது. மிரளும். குரல் கேட்டால் தெரிந்துகொள்ளும், போய்விடும்.

இந்தப் பலகை சங்கத்தின் தன்மானத்தைக் குத்தியது. எங்கள் முற்றத்தில் பொதுக்குழு கூடியது. மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நானும் கேட்டேன்.

"குதிரைக்கு நாம வணக்கம் வைக்கணுமா?" என்றார் பொருளாளர். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். எதையும் உடனே கொடுத்துப் பழக்கமில்லாதவர்.

"வணக்கம் இல்ல சார். குரல் குடுக்கணும்" என்றான் என் தம்பி. அவனும் உறுப்பினர்.

"என்ன குரல்? ம்மேன்னா?"

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். குரல் கொடுக்கலாம், ஆனால் கொள்கையோடு கொடுக்க வேண்டும். வாசகம் எழுத ஒரு குழு போட்டார்கள். 'நான் மனிதன்' என்று ஆரம்பித்ததற்குப் பெண் உறுப்பினர்கள் ஆட்சேபம் தெரிவித்ததில் சில கூட்டங்கள் போயின. முடிவில் வாசகம் தயாரானது: 'நான் மனிதப் பிறவி. நடந்து வருகிறேன். பாதை பொது.' இதைக் குதிரையின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், மேலே உட்கார்ந்திருப்பவரை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்பது உபவிதி.

மறுநாளிலிருந்து மலை முழுக்க இதே பேச்சு. முதுகில் பையும் கையில் கம்புமாகப் பெரிய மனிதர்கள் குதிரையின் மூக்குக்கு நேரே நின்று தாங்கள் மனிதப் பிறவி என்று தெரிவித்தார்கள். குதிரைக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. யார் இல்லையென்றார்கள் என்று லகானை இழுத்து நிறுத்திச் சண்டை போடுவார்கள். சண்டை முடிகிற வரைக்கும் குதிரை பக்கத்துப் புல்லை மேயும். இப்படியே போனதில் ஒரு விபரீதம் நடந்தது. 'நான் மனிதப் பிறவி' என்று காதில் விழுந்தாலே குதிரைகள் தாமாக நின்று மேய ஆரம்பித்துவிட்டன. உதைத்தாலும் நகராது. நடப்போர் சங்கம் குதிரைகளுக்குப் பிரசாரம் செய்து கெடுத்துவிட்டதாக மன்றத்தார் நகராட்சிக்கு மனுக் கொடுத்தார்கள். இவர் அந்த மனுவின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

அன்று மத்தியானம் வந்து செய்தி சொன்னவர் டாக்டரம்மாதான். சவாரி பூட்ஸோடு எங்கள் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணாவது வளைவு, அக்கா. வளைவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து குரல் கேட்டுச்சு. 'நான் மனிதப் பிறவி. நடந்து வருகிறேன்'னு. சீனி நின்னுடுச்சு. நானும் சண்டைக்குத் தயாரா மூணாவது வரிக்குக் காத்திருந்தேன். வரல."

இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். இவர் சரிவுப் பக்கமாக ஒதுங்கி, புல்லில் உட்கார்ந்திருக்கிறார். தொப்பி மடியில் இருந்திருக்கிறது. ஆள் வருகிற வரை டாக்டரம்மா அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாராம்.

"பல் டாக்டரும் டாக்டர்தானேன்னு அழுத்தினேன். என்னால முடியல அக்கா."

இதயம் நின்றுபோனது, வீட்டில் படுத்திருந்தாலும் நின்றிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது இரண்டு தரப்புக்கும் பிடிக்கவில்லை. செயலாளர் குதிரை அச்சுறுத்தலுக்குப் பலியானார் என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. அந்தச் சம்பவத்தில் சீனி கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியிருக்கிறது என்று மன்றம் பதில் நோட்டீஸ் ஒட்டியது. இரண்டும் எங்கள் கடைக் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தன. கடைதான் பூட்டியிருந்ததே, இடம் சும்மா கிடந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த மலையில் நான் ஏறியதே இல்லை. என் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. மாடிக்குப் போகவே கைப்பிடியைக் கெஞ்ச வேண்டும். வண்டி போகிற பாதையும் அல்ல.

தம்பியிடம் சொன்னேன். சங்கம் அவசரமாகக் கூடி, என்னைத் தூக்கிக்கொண்டு போவது என்று ஏகமனதாக முடிவு செய்தது. பிளாஸ்டிக் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினார்கள். ஒத்திகைக்குப் பொருளாளரை உட்காரவைத்து எங்கள் முற்றத்தைச் சுற்றினார்கள். தூக்கியவர்களில் ஒருவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஒருவர் பாதியில் மாத்திரை போட்டுக்கொள்ள நின்றார். நாற்காலியின் கால் மடங்கி, பொருளாளர் துணி துவைக்கும் கல்லின் மேல் போய் விழுந்தார்.

டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். "அக்கா, சீனி மேல வாங்க. நான் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வர்றேன்."

இது தெரிந்ததும் பொருளாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணி, அவர் பேரைக் கெடுத்துடாதீங்க. செயலாளர் சம்சாரம் குதிரை மேலயா? எங்க தோள் இருக்கறப்ப?"

"உங்க தோள்ல நாற்காலியே நிக்கலையே. அவர் பேர் எங்க நிக்கப்போகுது?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். முழங்கால் இல்லையே."

மன்றத்திலும் சும்மா இருக்கவில்லை. செயலாளர் குடும்பமே நம் பக்கம் வந்துவிட்டது என்று பேனர் அடிக்கலாம், போட்டோ பிடிக்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். டாக்டரம்மா அவர்களை வாயை மூடச் சொன்னாராம். பிழைப்பே ஊரை வாயைத் திறக்கச் சொல்வதுதான். அந்த அம்மா இப்படிச் சொன்னதும் எல்லாரும் பயந்துபோய் மூடிக்கொண்டார்கள்.

அடிவாரத்து சிமெண்ட் பெஞ்சின் மேல் என்னை ஏற்றி, அங்கிருந்து குதிரை மேல் ஏற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரையும்விட உயரமாக இருந்தேன். பிடரிமயிரை இறுகப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். முதல் வளைவு தாண்டுவதற்குள் அவருக்கு இரைத்தது. "இதைத் தினம் நடக்கறாங்களா அக்கா? இதுக்கா அவ்வளவு சண்டை போடறாங்க?" என்றார்.

இரண்டாவது வளைவைக் கடந்ததும் எதிரே சங்கம் நின்றது. விடியற்காலையிலேயே ஏறி, மூன்றாவது வளைவில் ஒரு பலகை நட முயன்று, பாறையில் குழி தோண்ட முடியாமல் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பலகையைப் பொருளாளர் சுமந்திருந்தார். படித்துவிட்டேன். 'கடைசி மூச்சு வரை வழிவிடாதவர்.'

"அவர் வழிவிட்டுட்டு, ஒதுங்கித்தான் சார் உக்காந்திருந்தார்" என்றார் டாக்டரம்மா.

பொருளாளர் பலகையைத் திருப்பி, எழுத்து நெஞ்சோடு சேரும்படி பிடித்துக்கொண்டார். சரிவுப் பக்கமாக வரிசையாக ஒதுங்கி நின்றார்கள், பழக்கம். ஆனால் வாசகத்தைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மேலே உட்கார்ந்திருப்பது நான். என்னைச் சுமந்திருக்கும் குதிரையிடம் பாதை பொது என்று எப்படி அறிவிப்பது?

வரிசையாகத் தொப்பிகள், மூட்டைகள், கம்புகள், ஒரு பலகை. சத்தமே இல்லை. சீனியின் காது இரண்டும் விறைத்தன. ஓர் அடி பின்னால் வைத்தது. பின்னங்கால் பட்டு ஒரு கல் பெயர்ந்து சரிவில் உருண்டது. உருள்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"குரல் குடுங்க!" என்றார் டாக்டரம்மா, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "இங்க திரும்பவும் இடமில்ல. இன்னும் ரெண்டு அடி பின்னால வெச்சா அக்கா கீழ போயிடுவாங்க!"

"நான் மனி..." என்று என் தம்பி ஆரம்பித்தான்.

"அது வேணாண்டா! நின்னு மேய ஆரம்பிச்சுடும்" என்று கத்தினேன். "எனக்கு அந்த இடத்தைப் பாக்கணும். வேற எதையாவது பேசித் தொலைங்கப்பா!"

பொருளாளர் தொண்டையைச் செருமினார். குதிரையின் மூக்கைப் பார்த்தார். "அம்மா... சீனிம்மா" என்றார். "நாங்க செயலாளரோட ஆளுங்க. உனக்கு அவரைத் தெரியும். தொப்பி போட்டிருப்பார். ரொம்பப் பிடிவாதக்காரர். என் வரவு செலவை ஒரு தடவைகூட ஒழுங்கா படிக்காம கையெழுத்துப் போட்டுடுவார். அவ்வளவு நம்பிக்கை."

ஒரு காது அவர் பக்கம் திரும்பியது. சீனி ஓர் அடி முன்னால் வைத்தது.

அடுத்து நின்றவன் என் தம்பி. "மாமா எனக்குக் கண்ணாடி சும்மாவே போட்டுத் தருவாரு. தந்துட்டு, போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் அதைச் சொல்லியும் காட்டுவாரு." "பரவாயில்ல மாமா" என்றான் குதிரையிடம்.

இன்னும் ஓர் அடி. அதற்கடுத்து நின்ற தையல்காரம்மா, "அவர் ஒரு நாள்கூட உச்சிக்கு ஏறினதில்ல" என்றாள். "பாதியில உக்காந்துடுவார். நீங்க போய்ட்டு வாங்க, நான் அறிக்கை தயார் பண்றேன்னு சொல்லுவார். நாங்க இறங்கி வர்றப்ப தூங்கிட்டிருப்பார்."

இது எனக்குத் தெரியாது. உச்சியில் காற்று எப்படி அடிக்கும் என்று என்னிடம் எத்தனை தடவை வர்ணித்திருக்கிறார்! குதிரை மேல் உட்கார்ந்தபடி சிரித்துவிட்டேன். சீனி அதற்கும் காதைத் திருப்பிக் கேட்டது.

அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லச் சீனி நடந்தது. ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உபவிதி. துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தபோது இவர்கள் யாரும் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. ஈடு செய்ய முடியாத இழப்பு என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வளைவில் என்னை இறக்கிவிட்டார். பாறை. அதை ஒட்டிப் பாதை. இந்தப் பக்கம் கொஞ்சம் புல், அதில் மஞ்சளாகச் சின்னப் பூக்கள், அப்புறம் சரிவு. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தை டாக்டரம்மா கை காட்டினார். உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. டாக்டரம்மா என்னோடு உட்கார வந்தார், இடம் போதவில்லை. பின்னால் போய்ச் சீனியின் பக்கத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே, "கீழ பாக்காதீங்க அக்கா, தலை சுத்தும்" என்றார். பார்த்தேன். சுற்றவில்லை.

சங்கமும் மன்றமும் இன்றும் சண்டை போடுகின்றன. பலகை பொருளாளர் வீட்டு மாடியில் இருப்பதாகக் கேள்வி. போன வருஷம் நகராட்சி இயந்திரம் கொண்டுவந்து பாதை முழுவதையும் அகலப்படுத்தியது; இப்போது குதிரையும் மனிதனும் உரசாமல் போகலாம் என்கிறார்கள். மூன்றாவது வளைவில் மட்டும் பாறை உடையவில்லை. அங்கே இப்போதும் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக வேண்டும்.