காயாத கல்

"கத்தி மொண்ணைடா தசரதா" என்று முத்தம்மா சொன்னது ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது பிள்ளையையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு, தலை முழுகி ஈர வேட்டியோடு வந்து நின்றவனிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். மலையில் இருபது வருஷமாகப் பிள்ளை எடுக்கிறவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் மரியாதையா? "கொடி அறுபடல, பிஞ்சிதான் வந்துச்சி. அதான் புள்ளைக்கு இசிவு கண்டுபோச்சி" என்றாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தன் வழியே போய்விட்டாள். அந்தச் சொல் தசரதனின் நெஞ்சில் தைத்து அங்கேயே நின்றுவிட்டது.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. தொப்புள்கொடி அறுக்கிற கத்தி அந்த வீட்டுக் கத்தியாக இருக்க வேண்டும், அதைத் தீட்டுவது பெற்ற தகப்பன் கையாக இருக்க வேண்டும். பிரசவத்தில் ஆம்பிளைக்கு வேறு என்ன வேலை? வாசலில் நின்று கையைப் பிசைவதுதான். போனால் போகிறது என்று இந்த ஒன்றை மட்டும் அவனுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக்கூட ஒழுங்காகச் செய்யாமல் இரண்டு பிள்ளைகளை வாரிக் கொடுத்துவிட்டோம் என்று தசரதன் முடிவு கட்டிக்கொண்டான்.

இரண்டும் ஆண். இரண்டும் எட்டாம் நாள் போயின. முதலில் பால் குடிக்காது, பிறகு தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு உடம்பு வில்லாக வளையும். பட்ட காலிலே படும் கெட்ட குடியே கெடும் என்று ஊர் சொல்லிவிட்டுச் சாமை அறுக்கப் போய்விட்டது. தசரதன் என்று எந்த வேளையில் பேர் வைத்தார்களோ தெரியவில்லை. அந்த ராஜாவுக்காவது பாயசம் கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆள் வந்தது.

கார்த்திகையில் பாஞ்சாலை மூன்றாவது தடவையாக முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் கல் தேட ஆரம்பித்தான்.

வீட்டில் கல் இல்லாமல் இல்லை. மாட்டுத் தொட்டியின் ஓரத்தில் ஒரு கருங்கல் அவன் தாத்தா காலத்திலிருந்து கிடந்தது. அரிவாள், கொடுவாள், மண்வெட்டி எல்லாம் அதில்தான் தேய்ந்தன. முதல் இரண்டு பிரசவத்துக்கும் கத்தியை அதில்தான் தேய்த்துக் கொடுத்தான். இப்போது அதைப் பார்த்தாலே எட்டி உதைக்கத் தோன்றியது. ஒரு நாள் உதைத்தும் பார்த்தான். கால்தான் வீங்கியது.

ஓடையில் மணல்கல் ஒன்று எடுத்து வந்தான். நான்கு இழுப்புக்குள் நடுவில் பள்ளம் விழுந்தது. ஜமுனாமரத்தூர் சந்தையில் சாணைக்காரனிடம் கத்தியைக் கொடுத்தான். அவன் சக்கரத்தை மிதித்துத் தீப்பொறி பறக்கத் தீட்டினான், பார்க்க வேடிக்கையாக இருந்தது. விளிம்பு சூடேறி நீலம் பாரித்து, இரண்டே நாளில் வாய் மடிந்துவிட்டது. கள்ளுக்கு மரம் சீவுகிறவர்கள் வெள்ளை வெங்கச்சங்கல்லைப் பொடித்துப் பலகையில் தூவித் தீட்டுவார்கள். அதையும் செய்தான். அவர்கள் கத்தி மெல்லிசு, இவனுடையது தடிமன், ஒத்துவரவில்லை. தீட்டியதும் கத்தியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பான். கூர் இருந்தால் கத்தி நகத்தைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வழுக்கியது. அவன் நகமே பாதியாகிவிட்டது.

மாசியில் கடுக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்கு இறங்கினான். தோல் கிடங்கில் கடுக்காய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது சத்தார் பாய் கண்ணில் பட்டார். தோலைச் சாய்வு மரத்தில் போட்டு, இரண்டு பிடி வைத்த வளைந்த கத்தியால் உள்பக்கத்துச் சவ்வை வழித்துக்கொண்டிருந்தார். ஒரு நூல் ஆழம் கூடிப் போனால் தோல் ஓட்டை. பத்து இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்தி, பக்கத்தில் ஈரத்தோடு இருந்த ஒரு கல்லில் கத்தியை இரண்டு தடவை வருடிக்கொண்டார். அதற்குப் பிறகு கத்தி போகிற சத்தமே கேட்கவில்லை. தசரதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"இன்னாப்பா, கடுக்காய் எறக்கியாச்சில்ல? இன்னாத்துக்கு நிக்கிறே?"

"அந்தக் கல்லு எங்க கெடைக்குங்க பாய்?"

"வெறவு வெட்றவனுக்கு இந்தக் கல்லு எதுக்குப்பா?"

தசரதன் சொன்னான். இரண்டு பிள்ளைகள் போனதை, கொடி பிய்ந்ததை, பாஞ்சாலைக்கு ஆறாம் மாசம் என்பதை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் அவன் அழுதான். சத்தார் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு மரப்பெட்டியிலிருந்து இரண்டு கற்களை எடுத்துவந்து, தன்னுடையதையும் சேர்த்து வரிசையாக வைத்தார். மூன்றின் மேலும் தண்ணீர் தெளித்தார்.

முதல் கல் தண்ணீரை உடனே உறிஞ்சிவிட்டது. "இது குடிகாரக் கல்லு. சீக்கிரம் தேய்க்கும், ஆனா கத்திவாய் ரம்பமாட்டம் ஆய்டும்." இரண்டாவதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "இது குடிக்காது, வேலையும் செய்யாது. சும்மா பளபளப்புக்கு." மூன்றாவதில் தண்ணீர் மெல்லப் பரவி அப்படியே நின்றது. தேன் நிறம், ஒரு சாண் நீளம், அவர் கை பட்டுப் பட்டு நடுவில் லேசாக இறங்கியிருந்தது. அதைத்தான் எடுத்து நீட்டினார்.

"அய்யோ, இது உங்க கல்லாச்சே பாய்."

"எனுக்கு அஞ்சு புள்ளைங்க கீதுப்பா. நீ எடுத்துகினு போ. ரெண்டு விசயம் கேட்டுக்கோ. கல்லு காயவே கூடாது, காஞ்சா வெடிச்சிடும், எப்பவும் ஈரத்துல கெடக்கணும். அப்பறம், தீட்டும்போது ஒரு சேறு ஊறும் பாரு, அதக் கழுவிடாதே. அந்தச் சேறுதான் கத்திக்கு வாய் குடுக்குது."

தோல் வழிக்கிறவருக்கு இரண்டும் சத்தியமான வார்த்தைகள். தசரதன் கல்லை ஈரத் துண்டில் சுற்றி, வழி நெடுக ஓடைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மலை ஏறினான்.

பங்குனியில் ஓடை நின்றது. சித்திரையில் ஊற்றும் வற்றி, குடிக்கிற தண்ணீருக்கே இரண்டு மைல் போய்ச் சுரண்ட வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் வைத்த கல் அரை நாளில் வெளுத்தது. அந்த வீட்டில் காயாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாட்டுக் கொட்டகையில், பசுவின் பின்காலடியில் மூத்திரம் ஓடித் தேங்குகிற மூலை. அங்கே மண் கறுப்பாக, எந்நேரமும் ஜில்லென்று இருக்கும். பசுவின் பின்புறம் மகாலட்சுமி குடியிருக்கிற இடம், அதில் வைத்தால் என்ன குறை? தசரதன் ஒரு சாண் பள்ளம் தோண்டிக் கல்லைப் படுக்கவைத்து, ஈரச் சாணியால் மூடினான். நாளுக்கு இரண்டு தரம் போய்த் தொட்டுப் பார்த்தான்.

"என்னிய இப்பிடி ஒரு நாளாச்சும் தொட்டுப் பாத்தியா நீ?" என்று பாஞ்சாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேசாம அதுக்கே ஒரு தாலி கட்டிடு."

அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

வைகாசியில் ஒரு காலையில் வலி கண்டது. தசரதன் கல்லைத் தோண்டி எடுத்து, மேலே ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தான். தண்ணீர் அதிகம் விடவில்லை, கல்லிலேயே ஈரம் இருந்தது. கறுப்பாகச் சேறு ஊறியது. பாய் சொன்னபடி அதைக் கழுவவில்லை. கத்தி நகத்தைக் கவ்வி நின்றபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். கதவிடுக்கில் கத்தியை நீட்டினான்.

பெண் குழந்தை. "வாழத்தண்டு அறுக்கிறாப்புல ஒரே இழுப்பு!" என்று முத்தம்மா வெளியே வந்து சொன்னாள். "எத்தினி வூட்டுக் கத்தி புடிச்சிருக்கேன், இப்பிடி ஒண்ணு பாத்ததில்ல." அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தக் கல்லின் புகழ் பரவிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் தசரதன் கல்லைக் காட்டினான். பெற்ற பிள்ளையை ஒரு தடவை காட்டினால் கல்லை இரண்டு தடவை காட்டினான்.

ஆறு நாள் குழந்தை நன்றாகப் பால் குடித்தது. ஏழாம் நாள் விடிந்ததும் பாஞ்சாலை கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை.

"புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது."

அவன் போய்ப் பார்த்தான். அடுப்படியில் ஒரு மூடி விழுந்த சத்தத்துக்குக் குழந்தை முழு உடம்பும் விறைத்து வளைந்தது. இதை இரண்டு தடவை பார்த்தவன் அவன். அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். ஏழு நாள் பச்சை உடம்புக்காரி அவனுக்கு முன்னால் ஓடினாள். அடிவாரத்தில் புதிதாக வந்திருந்த நர்ஸம்மா காந்தா குழந்தையை வாங்கிப் பார்த்துவிட்டு, செய்ய முடிந்ததைச் செய்தாள். அது ஒன்றும் அதிகமில்லை. உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாஞ்சாலை வெளியே புங்கமரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நர்ஸம்மா ஒரு நோட்டை விரித்து எழுதிக்கொண்டே கேட்டாள்.

"கொடிய எதுல அறுத்தீங்க?"

"கத்தியிலம்மா. மொண்ணை இல்லம்மா, நல்லா கூரு. ஒரே இழுப்பு."

"கத்திய சுடுதண்ணில போட்டீங்களா?"

"இல்லம்மா. கல்லுல தீட்டினேன். நல்ல கல்லும்மா, தோல் கெடங்கு பாய் குடுத்தது."

"கல்லு எங்க இருந்துச்சி?"

"கொட்டாயில. மூத்திரம் தேங்குற எடத்துல, சாணியில பொதச்சி வெச்சிருந்தேன். காயவே உடல."

நர்ஸம்மாவின் பேனா நின்றது. நல்ல மனுஷி, திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இதுக்குப் பேரு ரண ஜன்னிங்க. அந்த விஷக்கிருமி மாட்டுச் சாணியிலயும் அந்த மண்ணுலயும்தான் இருக்கும். கத்தி வழியா தொப்புள்ல ஏறிடும். கத்தி மொண்ணையா இருந்தாகூட பரவால்ல. கொதிக்கிற தண்ணில கொஞ்ச நேரம் கெடந்திருந்தா போதும்."

"மொத ரெண்டும்? அது தொட்டி ஓரத்துக் கல்லும்மா."

அவள் ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

மலை ஏறும்போது பாஞ்சாலை, "இன்னா சொன்னாங்க?" என்று ஒரு தரம் கேட்டாள். "விதின்னாங்க" என்றான். எப்படிச் சொல்வான்? உன் மூன்று பிள்ளைகளையும் நான்தான் தீட்டித் தீட்டிக் கொன்றேன் என்று எந்த வாயால் சொல்வான்? இது என்னோடு மண்ணுக்குப் போகட்டும் என்று நினைத்தான். அவளாவது விதியை வைதுகொண்டு இருக்கட்டும். குழந்தையை மற்ற இரண்டுக்கும் பக்கத்திலேயே வைத்தார்கள். கல்லை என்ன செய்வது என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுத் திரும்பப் புதைத்த இடத்தில், கொட்டகைச் சாணிக்குள்ளேயே அது கிடந்தது.

பதினாறு நாள் கழித்துக் கீழ்வீட்டு வடிவேலு வந்தான். அவன் பெண்டாட்டிக்கு இன்றோ நாளையோ என்று இருந்தது. வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"கேக்கக் கூடாதுதான் ண்ணா. முத்தம்மா அத்ததான் போய்க் கேளுன்னுச்சி. அந்தக் கல்லு... தீட்டிட்டு உடனே கொண்டாந்து குடுத்துடறேன்."

பாஞ்சாலைதான் எழுந்தாள். பதினாறு நாளில் அவள் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"இருப்பா, எடுத்தாறேன். எங்களுக்குத்தான் குடுத்து வெக்கல. கல்லு மேல இன்னா தப்பு? உன் புள்ளையாச்சும் நல்லா இருக்கட்டும்." கொட்டகையை நோக்கி நடந்தாள்.

தசரதன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓடைக்குள் விழுந்து தொலைந்தது, உடைந்துபோனது என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். சொன்னால் வடிவேலு வேறு வீட்டுக் கல்லுக்குப் போவான். எந்த வீட்டுக் கல் தொட்டியோரத்தில் இல்லை? பாஞ்சாலை அதற்குள் குனிந்து சாணியை விலக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தொடாத!" என்று கத்தினான். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அவன் வடிவேலுவைப் பார்த்துத்தான் பேசினான், அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை. நர்ஸம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். சாணியில் இருக்கிற விஷத்தை, கத்தி வழியாக அது ஏறியதை, கொதிக்கிற தண்ணீரை. "எந்தக் கல்லும் வேணாம்டா. ஓடிப்போய் நர்ஸம்மாவ இட்டாந்துடு. மூணையும் நான்தான் கொன்னேன். என் கையாலதான்."

பாஞ்சாலை சாணிக் கையோடு மெல்ல வந்து தசரதனுக்கு முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நீ கடுக்காய் பொறுக்கப் போற நாள்ல அந்தக் கல்லு இன்னா பண்ணுச்சின்னு நெனச்சிகினு இருக்கே?" என்றாள். "வெயில்ல வெடிச்சிடுமேன்னு நாந்தாய்யா கோமியம் புடிச்சி ஊத்தினேன். தெனம் ரெண்டு வேள. வயித்துப் புள்ளயோட குனிய முடியாம குனிஞ்சி ஊத்தினேன்."

"உனுக்கு இன்னா தெரியும்? நான்தான் அங்க வெச்சேன்."

"வெச்சது நீ. ஈரம் குடுத்தது நானு."

"இல்லடி, நான்தான்."

"இல்ல, நானு. நாந்தாய்யா."

உலகத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எதெதற்கோ சண்டை போடுகிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்று, செத்த பிள்ளைகளை ஆளுக்கு ஆள் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவேலு எப்போது மலையிறங்கி ஓடினான் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.