அறந்தாங்கியில் சாலை கடக்கக் குவைத்தில் ஓர் ஆள்

1

இந்தக் கதை இன்டர்னல் மார்க்குக்காகப் பிறந்தது. சிவில் மூன்றாமாண்டு படிக்கும் எனக்கும் அறிவுச்செல்வனுக்கும் கல்லூரியில் தந்த வேலை: அறந்தாங்கியின் ஒரு நாற்சந்தி, நடந்து கடப்பவர்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்று மதிப்பிடுவது. கடைசியில், சிக்னல் தேவையா என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி வராததால்தான் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சுட்டெரிக்கும் வெயிலில் அந்த நாற்சந்தி...'

(வேண்டாம். வெயிலை அறந்தாங்கிக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.)

இரண்டாம் தொடக்கம்: வெள்ளைக்கோடு இருக்கிறது. அதன்மேல் ஷேர் ஆட்டோ நிற்கிறது. கடப்பவர் அதைச் சுற்றிப்போய், ஒரு கையை உயர்த்தி, பஸ்ஸை ஆசீர்வதித்தபடி நடக்க வேண்டும். பஸ்ஸுக்கு மனமிருந்தால் நிற்கும்.

போதும். புவனேஸ்வரி வரலாம்.

3

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா. கணவர் கோபிநாத் குவைத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பியவர், ஓரமாக நின்று வீடியோ கால் போட்டு, கேமராவைச் சாலைப் பக்கம் திருப்பினார்.

"மாமா, வண்டி வருதா பாருங்க."

"இரு புள்ள, இரு. டிப்பர் வருது."

டிப்பர் அதற்குள் போய்விட்டிருந்தது. நெட்வொர்க் அப்படி.

"ம், இப்பப் போ. ஓடாத. அங்கிட்டு ஒரு பைக்கு, பாத்து!"

பைக்கும் போயிருந்தது. இல்லாத பைக்குக்காக அக்கா நின்றார். பிறகு கடந்தார்.

"தாண்டிட்டியா?"

"நீங்க சொல்லலைன்னா அம்புட்டுத்தான்."

அறிவு என் காதைக் கடித்தான். "மாப்ள, இவங்க தனியாப் போனாங்களா, தொணையோட போனாங்களா? ஃபார்ம்ல எதுலடா சேக்குறது?"

(நான் சொன்ன பதில் சிரிப்பாக இருந்தது. கதையிலிருந்து அடித்துவிட்டேன்.)

4

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம். காலையில் இதே அக்கா இரண்டு பஸ்ஸுக்கு நடுவே திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்திருந்தார். டிரைவர்தான் பயந்தார்.

எதிர்ப்பக்கம் போய்க் கேட்டேவிட்டேன்.

"காலையில தனியாத்தானேக்கா போனீங்க?"

"பாத்துட்டீங்களா?" சிரித்தார். "கரண்டு பில்லு, ஆஸ்பத்திரி, எல்லாம் நானே பாத்துக்கிறேன் தம்பி. அவுகளுக்குன்னு இது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

(தூரத்திலிருந்து யாராவது என்னிடமும் 'இரு' என்று சொன்னால் தேவலை போலிருந்தது. இது ரிப்போர்ட்டில் வராது.)

"இங்க சிக்னல் வந்தா நல்லதுதானே?"

"வரட்டும். வயசானவுக, பள்ளிக்கூடப் புள்ளைங்க, பாவம்." கொஞ்சம் நடந்தவர் திரும்பினார். "வந்தா அவுகளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

5

முடிவு அ: சிக்னல் வேண்டாம் என்று எழுதுகிறேன். மறுவாரம் ஒரு பெரியவர் அதே இடத்தில்...

(முடிக்க மாட்டேன்.)

முடிவு ஆ: கோபிநாத் ஒரேயடியாக ஊர் திரும்பி, அக்காவின் கையைப் பிடித்து...

(அக்கா இதைத்தான் கேட்பார். விசா என் கையில் இல்லை.)

ஆகவே 'சிக்னல் தேவை' என்று எழுதிவிட்டேன். ஒருநாள் வந்தும்விடும். அக்கா அதே ஓரத்தில் நிற்பார். "வண்டி வருதா பாருங்க" என்பார். சாலையைக் காட்டினால் சிக்னல் விளக்கும் தெரியும். காட்டாவிட்டால் கோபிநாத் எதைப் பார்த்து 'இரு' என்பார்?

எனக்கு இதற்குமேல் வரவில்லை. ஃபோனை நீங்கள் பிடியுங்கள். எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? சீக்கிரம், மனுஷன் லைனில் இருக்கிறார்.