முன்பக்கம் இரண்டு அங்குலம்

1

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் காப்பி குடிக்கும்போது இந்தக் கதை தோன்றியது என்று சொன்னால் இலக்கியமாக இருக்கும். (பொய். கிள்ளானில் மெக்கானிக் குருவின் பட்டறையில், என் காருக்கு எண்ணெய் மாற்றக் காத்திருந்தபோது காதில் விழுந்தது.)

முதல் தொடக்கம்: ‘கன்னையாவின் பிக்கப் அன்று தலைநிமிர்ந்து, பெருமிதத்தோடு—’

வேண்டாம். வண்டிக்குப் பெருமிதம் கொடுத்தால் அடுத்த பக்கத்தில் கண்ணீரும் கேட்கும்.

2

பதினோரு வருடம் கோயில் கமிட்டியிடம் கேட்டுக் கேட்டு, இந்த ஆடித் திருவிழாவில்தான் அம்மனைச் சுமக்கும் பேறு கன்னையாவின் பிக்கப்புக்குக் கிடைத்தது. போன வருடம் சுமந்த ராதாகிருஷ்ணனின் வண்டி, கோயில் வாசல் மேட்டில் மூக்கு இடித்து நின்றுவிட்டது. அந்த அவமானம் தனக்கு வரக்கூடாதென்று, முன்பக்கத்துக்கு இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போடச் சொன்னார் கன்னையா. முன்னால் கனத்த இரும்பு பம்பர் மாட்டுகிறவர்களுக்கான ஸ்பிரிங் அது, அந்தப் பாரம் இல்லாவிட்டால் அமுங்காமல் தூக்கிக்கொண்டே நிற்கும் என்று குரு படித்துப் படித்துச் சொன்னான். யார் கேட்டது? வண்டி முன்னால் இரண்டு அங்குலம் உயர்ந்தது. கன்னையா இரண்டடி உயர்ந்தார்.

திருவிழா மாலையில் பின்தட்டில் அம்மனை ஏற்றினார்கள். கூடவே பீடம், பூ அலங்காரம், குருக்கள், ஜெனரேட்டர். பின்பக்கம் அமுங்கியது, முன்பக்கம் இன்னும் எழும்பியது. அம்மன் மல்லாந்து ஆகாயத்தைப் பார்த்தாள். தேங்காய்த் தட்டோடு நின்ற சனங்களை அவள் கண்டுகொள்ளவேயில்லை.

கமிட்டித் தலைவர் பக்கிரிசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராதாகிருஷ்ணனின் வண்டி, கழுவித் துடைத்து, தற்செயலாகப் பக்கத்திலேயே நின்றிருந்தது.

[பீடத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகினால் தீர்ந்ததே என்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். வேண்டுமானால் வேறு வண்டிக்கு மாற்றுங்கள், அம்மனுக்கு முட்டுக்கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று குருக்கள் சொல்லிவிட்டார். என் கதையில் என் பேச்சு எடுபடவில்லை.]

3

கன்னையா குருவுக்குப் போன் போட்டார்.

“முன்னால பாரம் ஏத்துங்கண்ணே. ஆளா இருந்தாலும் ஓகே லா” என்றான் குரு.

அந்த வட்டாரத்திலேயே கனத்த ஆள் கன்னையாவின் மனைவியுடைய அண்ணன் கார்த்திகேசு. நாலு வருடத்துக்கு முன், கன்னையா வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவருக்கு இலை போட மறந்துபோனார்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ‘கன்னையா ஒருநாளும் அவரிடம் போய்—’ என்று நான் எழுதி முடிப்பதற்குள் மனிதர் சாலையைக் கடந்துவிட்டார்.

“பந்தியில எனக்கு இடமில்ல. இப்ப மட்டும் எங்க உக்காரச் சொல்றே?” என்றார் கார்த்திகேசு.

“முன்னால மச்சான். பானெட் மேல.” கன்னையாவின் குரல் உடைந்தது. “என் மேலதான் தப்பு. நாலு வருசமா சொல்ல வாய் வரல.”

கார்த்திகேசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

4

அவர் இடப்பக்கமாக உட்கார்ந்தார். நடுவில் உட்கார்ந்தால் பானெட் தகடு உள்ளே அமுங்கிவிடும். முன்பக்கம் இறங்கியது, ஆனால் இடப்பக்கம் மட்டும். அம்மன் ஆகாயத்தை விட்டுவிட்டு ஓரத்துப் பழக்கடையை உற்றுப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: ராதாகிருஷ்ணன் ஜெயிக்கிறார். கன்னையாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: அற்புதம் நடக்கிறது. அதற்கும் கமிட்டி அனுமதி வேண்டுமாம்.

முடிவு மூன்று: வலப்பக்கம் நானே ஏறினேன். ஐம்பத்திரண்டு கிலோ. ஸ்பிரிங் என்னை மதிக்கவேயில்லை.

நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பக்கிரிசாமி ராதாகிருஷ்ணனுக்குக் கைகாட்டப் போகிறார். கன்னையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியே உங்களைத்தான் பார்க்கிறார். இவ்வளவு நேரமும் எங்கோ உட்கார்ந்துதானே படித்தீர்கள்? வலப்பக்கம் காலியாக இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.